பின்னால் நிறுத்தப்பட்டவர்



தாலந்தைப் புதைத்து வைத்த ஊழியக்காரனைக் குறித்து நாம் பலமுறை தியானித்திருக்கிறோம். தாலந்தைப் புதைக்காமல் கையில் ஏந்திக்கொண்டு, அதை எங்கே கொண்டுபோய்ப் பயன்படுத்துவது என்று அறியாமல் சந்தையின் நடுவே நிற்கிற மனிதனைக் குறித்து நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. அவனுக்குச் சோம்பல் இல்லை. உழைக்க மனமும் உண்டு. அவனிடம் திறமை இருக்கிறது என்று ஊரார் எல்லாரும் ஒப்புக்கொள்கிறார்கள். ஆயினும் ஆண்டுகள் கழிகின்றன, ஒன்றும் கூடிவருவதில்லை. இவ்வாரம் அத்தகைய ஒருவருடைய கதையை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். அவர் இத்தாலி நாட்டுக் கால்பந்தாட்டக்காரர் ஆந்திரேயா பிர்லோ. வாலிபர்களுக்கு இந்தப் பெயர் நன்கு தெரியும். கால்பந்து பார்க்கும் வழக்கமில்லாத மூத்தவர்களும் தாய்மார்களும் இதை வாசிப்பார்கள் என்பதால் சிலவற்றை விளக்கிச் சொல்லவேண்டியிருக்கிறது. விளையாட்டை அறிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிர்லோ 1979 மே 19 அன்று, வட இத்தாலியில் பிரெஷா நகருக்கு அருகிலுள்ள ஃபிளேரோ என்னும் சிற்றூரில் பிறந்தார். பிரெஷா நகரின் கிளப் அவரைச் சிறுவயதிலேயே சேர்த்துக்கொண்டது. 1995 மே மாதத்தில், 16 வயது நிரம்பியவுடனேயே, இத்தாலியின் முதல்நிலைப் போட்டியாகிய சீரி ஆவில் களமிறங்கினார். பள்ளிப் புத்தகம் சுமக்கவேண்டிய வயதில் பெரியவர்களோடு ஆடினார் என்றால், அவருடைய கால்களில் எதையோ கண்டுதான் இறக்கியிருக்கிறார்கள். 1998ஆம் ஆண்டில் மிலான் நகரின் பெருங்கிளப்புகளில் ஒன்றாகிய இன்டர் அவரை விலைக்கு வாங்கியது.

அங்கேதான் காத்திருப்பு தொடங்கியது. அப்பொழுது அவர் ஆடிய இடத்தை இத்தாலியர் ‘ட்ரெக்வார்திஸ்தா’ என்பர். முக்கால் பங்கு மைதானத்தில் நிற்பவர் என்பது அதன் பொருள். நடுக்களத்துக்கு முன்னும் கோல் அடிப்பவர்களுக்குப் பின்னுமாக நின்று, எதிரணியின் காவலைக் கிழிக்கும் கடைசிப் பந்தைக் கொடுக்க வேண்டியவர் அவர். 10ஆம் எண் சட்டை பெரும்பாலும் இவருக்குரியது. சிறுவர் எல்லாரும் ஆசைப்படும் இடம் இதுவே. ஆனால் இடம் நெருக்கமானது. இத்தாலியக் கால்பந்து காவலுக்குப் பேர்போனது. பந்து வந்து சேரும்போது ட்ரெக்வார்திஸ்தாவின் முதுகு பெரும்பாலும் எதிரியின் கோலை நோக்கியிருக்கும்; முதுகோடு ஒட்டி ஒருவர் நிற்பார், பக்கத்திலிருந்து இன்னொருவர் பாய்ந்து வருவார். நொடிப்பொழுதில் திரும்பவேண்டும், திரும்பியவுடன் ஓட்டத்தில் முந்தவேண்டும். பிர்லோவுக்கு அந்த வேகம் இல்லை. அவருடைய கால்கள் மெதுவானவை என்று எல்லாருக்கும் தெரிந்தது. அவருடைய கண்கள் எவ்வளவு விரைவானவை என்று அந்த இடத்தில் யாருக்கும் தெரிய வாய்ப்பில்லை.

இன்டர் கிளப்பில் அவர் சேர்ந்த முதற்பருவத்தில் மட்டும் நான்கு பயிற்சியாளர்கள் மாறினார்கள். ரொனால்டோ, பாஜ்ஜோ, ஜோர்கேஃப் என்று முன்வரிசையில் நட்சத்திரங்கள் நிறைந்திருந்தனர். மறு ஆண்டு அவரைத் தெற்குக் கோடியிலுள்ள ரெஜீனா கிளப்புக்கு இரவலாக அனுப்பினார்கள். அந்தக் கிளப் சீரி ஆவுக்கு முதன்முறையாக உயர்ந்திருந்த பருவம் அது. அங்கே நன்றாக ஆடினார். 2000ஆம் ஆண்டில் 21 வயதுக்குட்பட்டோருக்கான ஐரோப்பியக் கோப்பையை இத்தாலி வென்றபோது அணியின் தலைவர் அவரே. இறுதியாட்டத்தில் இரண்டு கோல்களையும் அடித்தவர் அவரே. தொடரின் சிறந்த ஆட்டக்காரரும் அவரே. அந்த அணிக்குப் பயிற்சியளித்த மார்கோ தர்தெல்லி அதே ஆண்டு இறுதிவாக்கில் இன்டர் கிளப்பின் பயிற்சியாளராக வந்தார். இனி வழி திறக்கும் என்று யாரும் நினைத்திருப்பார்கள். திறக்கவில்லை. தம்மை நன்றாக அறிந்தவர், தம்மோடு சேர்ந்து கோப்பை வென்றவர் பொறுப்பில் இருக்கும்போதும் பிர்லோ பெஞ்சில் அமர்ந்திருந்தார். யார்மீதும் குற்றம் சுமத்த இதைச் சொல்லவில்லை. நம்மை நேசிக்கிறவர்களாலும் நமக்குரிய இடத்தை எப்போதும் கண்டுபிடித்துவிட முடிவதில்லை என்பதை உங்களில் பலர் அனுபவத்தில் அறிவீர்கள்.

2001 ஜனவரியில் அவரை மீண்டும் இரவலாக அனுப்பினார்கள். இம்முறை சொந்த ஊர்க் கிளப்பாகிய பிரெஷாவுக்கே. பெருநகரத்துக்குப் போன பிள்ளை வேலை நிலைக்காமல் வீடு திரும்புவதைப் போன்றது இது. அங்கும் அவருடைய இடம் காலியாக இல்லை. ரொபெர்த்தோ பாஜ்ஜோ அந்தப் பருவத்தில்தான் பிரெஷாவுக்கு வந்திருந்தார். இத்தாலி கண்ட மாபெரும் ஆட்டக்காரர்களில் ஒருவர். அப்போது முப்பத்துநான்கு வயதை நெருங்கிக்கொண்டிருந்தவர். 10ஆம் எண் அவருடையது. அதைக் குறித்து வாக்குவாதத்துக்கே இடமில்லை.

அணியின் பயிற்சியாளர் கார்லோ மத்ஸோனே. ரோமாபுரியில் பிறந்தவர், அறுபதைத் தாண்டியவர், உரத்த குரலும் சட்டென்று கொதிக்கும் சுபாவமும் உடையவர். சீரி ஆவின் வரலாற்றிலேயே மிக அதிக ஆட்டங்களுக்குப் பயிற்சியாளராக இருந்தவர் அவர்தான். ஆனால் பெருங்கிளப்புகளின் கோப்பைகள் அவர் கைக்கு எட்டியதில்லை. சிறிய அணிகளைத் தரமிறங்காமல் காப்பாற்றுவதே அவருடைய வாழ்நாள் வேலையாயிருந்தது. அப்படிப்பட்டவரிடம் ஒரே இடத்துக்கு இரண்டு பேர் இருந்தார்கள். சாதாரணமாக என்ன செய்வார்கள்? மூத்தவரை ஆடவிட்டு இளையவரை உட்காரவைப்பார்கள். மத்ஸோனே இளையவரைப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தினார். காவல் வரிசைக்குச் சற்றே முன்பாக, அணியின் நடுவில், சொந்தக் கோலுக்கு அருகில்.

அந்த இடத்தின் அருமையைச் சற்று விளக்கவேண்டும். அங்கே நிற்பவருக்கு முழு மைதானமும் கண்ணெதிரே விரிந்திருக்கும். முதுகுக்குப் பின்னால் தம் அணியின் காவலர்களே உண்டு, அவர் திரும்பவேண்டியதில்லை. எதிரணியில் அவருக்கு மிக அருகில் இருப்பவர்கள் கோல் அடிப்பவர்கள். துரத்திப் பந்தைப் பறிப்பதில் அக்காலத்தில் அவர்கள் அவ்வளவு அக்கறை காட்டியதில்லை. ஆகவே பந்து கிடைத்தபின் இரண்டு மூன்று நொடிகள் கிடைக்கும். ட்ரெக்வார்திஸ்தாவுக்கு அரை நொடியும் கிடைக்காத இடத்தில் இது பெருஞ்செல்வம். மெதுவான கால் அங்கே பெரிய குறையன்று. நாற்பது ஐம்பது மீட்டர் தூரத்தில் ஓடத் தொடங்கும் ஒருவரைக் கண்டு, அவர் போய்ச் சேரப்போகும் இடத்தில் பந்தை இறக்கிவைக்கிற கண்ணும் பாதமும் இருந்தால் போதும்.

2001 ஏப்ரல் 1 அன்று தூரின் நகரில் யுவென்டஸ் அணிக்கு எதிரான ஆட்டம். பிரெஷா ஒரு கோல் பின்தங்கியிருந்தது. ஆட்டம் முடிய இன்னும் சில நிமிடங்களே இருந்தன. பின்னாலிருந்து பிர்லோ ஓர் உயர்ந்த நெடும்பந்தை அனுப்பினார். அது எதிரணிக் காவலர்களின் தலைக்கு மேலாகச் சென்று, அவர்களைக் கடந்து ஓடிக்கொண்டிருந்த பாஜ்ஜோவின் காலடியில் இறங்கியது. பாஜ்ஜோ அதைத் தரையில் விழவிடாமல் ஒரே தொடுதலில் கோல் கீப்பர் வான் டெர் சாரைத் தாண்டி எடுத்துச் சென்று வெறுமையான கோலுக்குள் தட்டினார். ஆட்டம் 1–1 என முடிந்தது. இன்றும் அந்தக் காணொளியை மக்கள் தேடிப் பார்க்கிறார்கள். பெரும்பாலோர் பாஜ்ஜோவின் தொடுதலையே பார்க்கிறார்கள். அது நியாயம்தான், அவ்வளவு அழகு. ஆனால் நீங்கள் பார்க்கும்போது ஒருமுறை பந்து எங்கிருந்து புறப்படுகிறது என்பதையும் கவனியுங்கள்.

இந்தக் கதையைப் பிரசங்க மேடைக்குக் கொண்டுபோகிறவர்கள் இதைத் தாழ்மையின் பாடமாக ஆக்கிவிடுவார்கள்: முன்னிடத்தை விட்டுக்கொடுத்தார், பின்னிடத்தை ஏற்றார், ஆகையால் உயர்த்தப்பட்டார் என்று. எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. பிர்லோ பின்னால் போனதனால் அணியில் அவருடைய பங்கு குறையவில்லை. எல்லாப் பந்தும் அவர் வழியாகவே போகத் தொடங்கியது. அந்த இடத்தில் ஆடுபவரை இத்தாலியர் ‘ரெஜிஸ்தா’ என்கிறார்கள்; திரைப்பட இயக்குநருக்கும் அம்மொழியில் அதே சொல்தான். ஆகவே நடந்தது தாழ்த்தப்படுதல் அன்று. ஒரு முதியவர், தமக்கிருந்த நெருக்கடியின் காரணமாகவே, ஒரு வாலிபனை வேறொரு கோணத்தில் பார்த்தார். அவ்வளவுதான். அந்த வாலிபனின் தாலந்து ஒரு துளியும் கூடவில்லை. அது நிற்கும் இடம் மாறியது. சில மாதங்களில் பிர்லோ பிரெஷாவை விட்டுப் போய்விட்டார். அதே ஆண்டின் பிற்பகுதியில் மத்ஸோனேயின் அணிக்கு வந்து நடுவில் நின்று ஆடியவர் யார் தெரியுமா? ஸ்பெயினின் பெப் குவார்தியோலா. பிற்காலத்தில் உலகின் தலைசிறந்த பயிற்சியாளர்களில் ஒருவரான அவர், மத்ஸோனேயை எப்போதும் மரியாதையோடு நினைவுகூர்ந்துவந்தார். மத்ஸோனே 2023 ஆகஸ்டில் தமது 86ஆம் வயதில் காலமானார்.

2001 கோடையில் இன்டர் கிளப் பிர்லோவை அதே நகரின் மற்றொரு கிளப்பாகிய மிலானுக்கு விற்றுவிட்டது. இரண்டு கிளப்புகளுக்கும் ஒரே மைதானம். வேறு சட்டை அணிந்து அதே வாசல் வழியாக நுழையவேண்டியதாயிற்று. சில மாதங்களில் கார்லோ அன்செலோத்தி அங்கே பயிற்சியாளராக வந்தார். முன்னிடத்துக்கு அங்கேயும் ஆட்கள் நிறைந்திருந்தார்கள். பிரெஷாவில் தாம் ஆடிய இடத்தைச் சொல்லி, தம்மை அங்கே ஆடவிடும்படி பிர்லோவே கேட்டுக்கொண்டதாக அன்செலோத்தி கூறியிருக்கிறார். முதலில் அவருக்கும் தயக்கம்தான். அவரும் தம் காலத்தில் நடுக்களத்தில் ஆடியவர். அந்த இடத்தில் நிற்பவர் பந்தைப் பறிக்கத் தெரிந்தவராக இருக்கவேண்டும் என்பது வழக்கமான எண்ணம். ஆனாலும் கேட்டார், சோதித்துப் பார்த்தார், பின்பு அணி முழுவதையும் அதற்கேற்றபடி மாற்றியமைத்தார். பின்னால் நான்கு, அதற்கு முன் மூன்று, பின்பு இரண்டு, முனையில் ஒருவர். மேலே போகப் போகக் குறுகும் அந்த அமைப்புக்கு இத்தாலியர் இட்ட பெயர் கிறிஸ்துமஸ் மரம்! பிர்லோ அந்த மரத்தின் அடித்தண்டில் நின்றார்.

இங்கே இன்னொருவரைச் சொல்லாமல் போவது அநியாயம். பிர்லோவின் பக்கத்தில் நின்றவர் ஜெனாரோ கத்தூஸோ. தெற்கே கலாபிரியாவில் பிறந்தவர், முரட்டு உழைப்பாளி, நேர்த்தியான பந்து கொடுப்பவர் என்று யாரும் அவரைப் புகழ்ந்ததில்லை. பிர்லோ ஓடாத தூரத்தை அவர் ஓடினார். பிர்லோ பறிக்காத பந்தை அவர் பறித்தார். பறித்ததை இரண்டடி தள்ளி நின்ற பிர்லோவிடம் கொடுத்துவிட்டு மறுபடியும் ஓடினார். பிர்லோவுக்குக் கிடைத்த அந்த இரண்டு மூன்று நொடிகளுக்கான விலையை இன்னொருவருடைய நுரையீரல் செலுத்தியது. புகழ்ச்சிக் கட்டுரைகள் பிர்லோவின் அமைதியைப் போற்றும். அந்த அமைதி எங்கிருந்து வந்தது என்று கேட்பதில்லை. உங்கள் வீட்டில் ஒருவர் நிதானமாக, நேர்த்தியாக ஒரு காரியத்தைச் செய்கிறார் என்றால், அவருக்காக வேறு யார் ஓடிக்கொண்டிருக்கிறார் என்று ஒருமுறை சுற்றிப் பாருங்கள். இவ்விருவரும் நெருங்கிய நண்பர்கள். பிர்லோ தம் தன்வரலாற்று நூலில் கத்தூஸோவைச் சீண்டி விளையாடிய கதைகளை விரிவாகவே சொல்லியிருக்கிறார்.

2003இல் மிலான் அணி ஐரோப்பாவின் சாம்பியன்ஸ் லீக் கோப்பையை வென்றது. அடுத்த ஆண்டு இத்தாலியப் பட்டம். பின்பு வந்தது 2005 மே 25, இஸ்தான்புல். எதிரே இங்கிலாந்தின் லிவர்பூல். முதல் நிமிடத்திலேயே பிர்லோ அடித்த ஃப்ரீ கிக் பந்தை மூத்தவர் பாவ்லோ மல்தீனி கோலாக்கினார். இடைவேளையில் மிலான் 3–0 என முன்னிலை. யாரும் அதை இழக்கமாட்டார்கள். இரண்டாம் பாதியில் ஏறக்குறைய ஆறு நிமிடங்களுக்குள் லிவர்பூல் மூன்று கோல்களையும் திருப்பியது. கூடுதல் நேரமும் முடிந்து பெனால்டிக்கு வந்தது. கோல் கீப்பர் டூடெக் கோட்டின்மேல் அங்குமிங்கும் ஆடிக்கொண்டு கவனத்தைக் குலைத்தார். பிர்லோ அடித்தார், டூடெக் தடுத்தார். மிலான் தோற்றது.

அந்தத் தோல்விக்குப் பின் கால்பந்தையே விட்டுவிட நினைத்ததாக பிர்லோ எழுதியிருக்கிறார். தூக்கமில்லை, கண்ணாடியில் தம் முகத்தைப் பார்க்கவும் மனமில்லை. இவரைப் பற்றிப் பரவியிருக்கும் ஒரு பிம்பம் உண்டு: எதற்கும் அசையாதவர், இரத்தத்தில் பனிக்கட்டி ஓடுபவர் என்று. அந்தப் பிம்பத்தை நான் நம்புவதில்லை. முகம் அசையாதிருப்பதால் உள்ளமும் அசையவில்லை என்று எண்ணுவது, ஆலயத்தில் முன்வரிசையில் அமைதியாக அமர்ந்திருப்பவர்களைக் குறித்தும் நாம் அடிக்கடி செய்கிற பிழையான கணிப்பு.

விடவில்லை. பதின்மூன்று மாதங்கள் கழித்து 2006 ஜூலை 4, உலகக் கோப்பை அரையிறுதி, ஜெர்மனியின் டோர்ட்முண்ட். அந்த அரங்கத்தில் ஜெர்மன் தேசிய அணி அதுவரை தோற்றதே இல்லை. 118 நிமிடங்கள் கழிந்தும் கோல் இல்லை. இன்னும் சற்று நேரத்தில் பெனால்டி. கார்னர் பந்தை ஜெர்மானியர் தலையால் முட்டி வெளியேற்ற, அது பெனால்டிப் பகுதிக்கு வெளியே பிர்லோவின் காலில் வந்து சேர்ந்தது. அந்த நேரத்தில், அந்த இடத்தில், யாராயிருந்தாலும் ஓங்கி அடித்திருப்பார்கள். அவர் அடிக்கவில்லை. பந்தை மெல்ல உருட்டிக்கொண்டு பக்கவாட்டில் நகர்ந்தார். ஒன்று, இரண்டு, மூன்று தொடுதல்கள். ஜெர்மன் காவலர்கள் அவரை நோக்கிச் சாய்ந்தார்கள். எல்லாரும் அவரையே பார்த்துக்கொண்டிருக்க, அவர் பார்வையை வேறெங்கோ வைத்தபடி, காவலர்களுக்கு நடுவிலிருந்த ஒரு சிறு சந்து வழியாகப் பந்தை ஃபாபியோ குரோஸ்ஸோவுக்குத் தள்ளினார். குரோஸ்ஸோ இடக்காலால் வளைத்து அடித்த பந்து தூரக் கம்பத்தோரமாக உள்ளே போனது. 119ஆம் நிமிடம். பின்பு தெல் பியெரோ இன்னொன்று சேர்த்தார். அந்த மூன்று நொடிகளைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். களைப்பு எலும்புவரை இறங்கிய நேரத்தில், பக்கத்திலிருப்பவன் தன்னைவிட நல்ல இடத்தில் நிற்கிறான் என்று காணக்கூடியவர்கள் எத்தனை பேர்?

ஜூலை 9, பெர்லின், இறுதியாட்டம். பிரான்ஸ் அணி ஸிதானின் பெனால்டியால் முந்தியது. பிர்லோவின் கார்னர் பந்தை மார்கோ மத்தெராத்ஸி தலையால் முட்டிச் சமன் செய்தார். இந்த மத்தெராத்ஸிதான் பின்னாட்களில் சென்னையின் எஃப்சி அணிக்குப் பயிற்சியாளராக வந்து 2015இல் இந்தியன் சூப்பர் லீக் பட்டத்தைப் பெற்றுத் தந்தவர். சென்னை நேரு அரங்கத்தில் அவரைக் கண்டவர்கள் உங்களில் இருக்கலாம். ஆட்டம் பெனால்டிக்குச் சென்றது. இத்தாலிக்காக முதலில் அடிக்க அனுப்பப்பட்டவர் பிர்லோ. இஸ்தான்புல்லில் தடுக்கப்பட்ட அதே மனிதர். நடுக்களத்திலிருந்து அந்தப் புள்ளிவரை தனியாக நடந்துபோவது எத்தகைய பயங்கரம் என்பதையும் அவர் மறைக்காமல் எழுதியிருக்கிறார். நடுவாக அடித்தார், உள்ளே சென்றது. இத்தாலி 5–3 என்று பெனால்டியில் வென்றது. இறுதியாட்டத்தின் சிறந்த ஆட்டக்காரராக அவரையே தேர்ந்தெடுத்தார்கள்.

2007இல் மிலான் அதே லிவர்பூலை ஏதென்ஸில் 2–1 என்று வென்றதை ஒரு வரியில் சொல்லிக் கடக்கிறேன். 2010 மார்ச் மாதத்து ஓர் ஆட்டம் அதைவிடக் கவனிக்கத்தக்கது. மான்செஸ்டர் யுனைடெட்டின் பயிற்சியாளர் அலெக்ஸ் ஃபெர்குசன், தென்கொரியாவின் பார்க் ஜி-சுங்கிடம் ஒரே ஒரு வேலையைக் கொடுத்தார்: பிர்லோவை விட்டு அகலாதே. பார்க் நிழலாகத் தொடர்ந்தார். மிலான் 4–0 என்று தோற்றது. இரண்டு மூன்று நொடிகளைப் பறித்துவிட்டால் அந்தத் தாலந்து மறுபடியும் இடமற்றுப்போகும் என்பதை ஃபெர்குசன் கண்டுகொண்டார்.

மறுபருவத்தில் மாஸிமிலியானோ அல்லெக்ரி மிலானின் பயிற்சியாளரானார். காவல் வரிசைக்கு முன்பாக உடல்வலிமை மிக்க ஒருவரை நிறுத்துவது அவருடைய திட்டம். பிர்லோவுக்குக் காயங்களும் வந்தன. 2011இல் கிளப் பட்டம் வென்றது. ஆனால் 32 வயதான அவரோடு ஒப்பந்தம் நீளவில்லை. பத்து ஆண்டுகள் உழைத்தவருக்கு நிர்வாகம் ஒரு பேனாவைப் பிரிவுப்பரிசாகக் கொடுத்தது. தம் நூலை அந்தப் பேனாவிலிருந்தே சற்றுக் கிண்டலோடு தொடங்குகிறார் அவர். யுவென்டஸ் அவரை ஒரு காசும் மாற்றுத்தொகை கொடுக்காமல் எடுத்துக்கொண்டது. அந்த அணி முந்தைய இரண்டு பருவங்களிலும் ஏழாம் இடத்தில் முடிந்திருந்தது. அவர் வந்த பருவத்தில், அந்தோனியோ கொந்தேயின் பயிற்சியின்கீழ், 38 ஆட்டங்களில் ஒன்றிலும் தோற்காமல் பட்டம் வென்றது. அதிலிருந்து நான்கு ஆண்டுகள் தொடர்ந்து பட்டம். நீக்கப்பட்டவர்கள் எல்லாருக்கும் இப்படி நேரிடும் என்று நான் வாக்குக்கொடுக்கமாட்டேன். அலுவலகத்திலிருந்து ஐம்பது வயதில் அனுப்பப்பட்ட சகோதரர்கள் நம்மிடையே இருக்கிறார்கள்; அவர்களிடம் பிர்லோவின் கதையைச் சொல்லி ஆறுதல்படுத்த முயல்வது மலிவான ஆறுதல். அவருக்கு இடம் கொடுக்க ஒரு யுவென்டஸ் இருந்தது. உங்கள் பக்கத்தில் இருப்பவருக்கு யார் இருக்கிறார்கள் என்பதே கேள்வி.

2012 ஜூன் 24, கீவ் நகரில் ஐரோப்பியக் கோப்பைக் காலிறுதி. இங்கிலாந்தோடு மறுபடியும் பெனால்டி. இத்தாலி ஒன்றைத் தவறவிட்டுப் பின்தங்கியிருந்தது. கோல் கீப்பர் ஜோ ஹார்ட் கோட்டின்மேல் துள்ளி, முகத்தைக் கோணிப் பயமுறுத்தினார். டூடெக்கின் ஆட்டத்தை நினைவூட்டும் காட்சி. 33 வயதான பிர்லோ ஓடிவந்து, ஹார்ட் ஒருபுறம் பாய்ந்தபின், பந்தை அடியில் தொட்டு மெல்ல நடுவில் மிதக்கவிட்டார். செக்கோஸ்லோவாக்கியாவின் பனென்கா 1976இல் செய்து காட்டிய வித்தை அது. அடுத்த இரு ஆங்கிலேயரும் தவறவிட்டார்கள். இத்தாலி வென்றது. பின்பு இறுதியாட்டத்தில் ஸ்பெயினிடம் 4–0 என்று தோற்றதையும் சொல்லிவிடவேண்டும்.

2015 ஜூன் 6 அன்று சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டம், உலகக் கோப்பை வென்ற அதே பெர்லின் அரங்கத்தில். யுவென்டஸ் பார்சிலோனாவிடம் 3–1 என்று தோற்றது. தாடி வளர்ந்த அந்த முகத்தில் கண்ணீர் வழிந்ததை உலகமே கண்டது. அது யுவென்டஸுக்காக அவர் ஆடிய கடைசி ஆட்டம். பின்பு நியூயார்க்கில் இரண்டரைப் பருவங்கள் ஆடி 2017 நவம்பரில் ஓய்வுபெற்றார். இத்தாலிக்காக 116 ஆட்டங்கள், 13 கோல்கள்.

அவருடைய வாழ்வில் எனக்கு மிகவும் சிந்தனைக்குரியதாகத் தோன்றும் பகுதி அதற்குப் பின் வந்தது. 2020 ஆகஸ்டில், எந்த அணிக்கும் பயிற்சியளித்த அனுபவமில்லாத அவரை யுவென்டஸ் தலைமைப் பயிற்சியாளராக்கியது. தொடர்ந்து ஒன்பது ஆண்டுகள் பட்டம் வென்றிருந்த கிளப். அந்த ஆண்டு நான்காம் இடம். தமது 42ஆம் பிறந்தநாளன்று இத்தாலியக் கோப்பையை வென்று கொடுத்தார். சில நாட்களில் நீக்கப்பட்டார். அவருடைய இடத்துக்கு வந்தவர் அதே அல்லெக்ரி. களத்தில் எல்லாவற்றையும் கண்ட அந்தக் கண்களால் தாம் கண்டதைப் பிறருடைய கண்களுக்குள் வைக்க முடியவில்லை. மத்ஸோனேயால் அவரைப்போல் ஒரு பந்து கொடுத்திருக்க முடியாது; ஆனால் ஓர் ஆளை எங்கே நிறுத்தவேண்டும் என்று அவருக்குத் தெரிந்தது. இவை இரண்டும் வெவ்வேறு வரங்கள். நாம் சபையிலும் நன்றாகப் பாடுகிறவரைப் பாடகர் குழுவுக்குத் தலைவராக்கிவிட்டு, பின்பு இருவரும் வருந்துகிறோம்.

வாலிபர்கள் அவருடைய கோல்களையும் ஃப்ரீ கிக்குகளையும் கைப்பேசியில் தேடிப் பார்ப்பார்கள். நான் தேடச் சொல்வது ஒரு கோலை. ஆனால் அது அவர் அடித்ததன்று. 2014 ஜூன் 14, பிரேசிலின் மனாவுஸ் நகரம், உலகக் கோப்பையில் இங்கிலாந்துக்கு எதிரான ஆட்டம். அமேசான் காட்டின் நடுவிலுள்ள ஊர், புழுக்கம் தாங்கமுடியாதது. 35ஆம் நிமிடத்தில் கார்னரைச் சிறியதாக எடுத்து, பந்தைத் தரையோடு பிர்லோவை நோக்கி அனுப்பினார்கள். அவர் அதை வாங்கப்போகிறவரைப்போல் அடியெடுத்து வைத்தார். ஆங்கிலேயர் அவரிடம் நெருங்கினார்கள். அவர் காலை அகற்றிப் பந்தைப் போகவிட்டார். அது அவரைக் கடந்து, பின்னால் தனியாக நின்ற கிளாவ்தியோ மார்கீஸியோவிடம் உருண்டு சென்றது. மார்கீஸியோ தாழ்வாக அடித்தார், கோல். இத்தாலி அன்று 2–1 என வென்றது. பிர்லோ அந்தப் பந்தைத் தொடவே இல்லை.